தவணைக்கு ஒரு நாள் குளக்கட்டில்: கல்வி அதிகாரிகளுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வட மாகாணக் கல்வித் திணைக்கள அதிகாரிகளுக்கும், வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், அதிபர்களுக்கும் வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தவணைக்கு ஒரு நாளாவது ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊருக்குக் கிட்டவுள்ள குளத்திலோ காட்டோரத்திலோ களப்பிலோ இருந்து படிக்க வேண்டும். அந்த நாள் முழுப் பாடசாலை நாளாகக் கணக்கில் வர வேண்டும். செலவு பெற்றோர் தலையில் விழக்கூடாது.

கல்விச் சுற்றுலா இப்போது எப்படி நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். வருடத்தில் ஒரு தடவை, இரவில் பஸ் வெளிக்கிடும். முந்நூறு கிலோமீற்றர் ஓடி, விடிய தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. அடுத்து பேராதனைப் பூங்கா, நேரம் மிஞ்சினால் நுவரெலியா. பாதிப் பிள்ளைகள் நித்திரைக் கண்ணோடுதான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அந்தப் பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மலையையும் கொழும்பையும் எங்கள் பிள்ளைகளும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காசைக் கட்ட முடியாத பிள்ளை என்ன செய்கிறது? "எனக்கு பஸ்ஸில சத்தி வரும் ரீச்சர், நான் வரேல்ல" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்கிறது. கூலி வேலைக்குப் போகிற அம்மாவைச் சங்கடப்படுத்தாமல் இருக்க அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்த காரணம் அது. எந்த ஆசிரியருக்கும் இது தெரியும். இப்படி வீட்டில் நிற்கிற பிள்ளைகளுக்காகத்தான் முதலில் எழுதுகிறேன்.

குளத்தைப் பாருங்கள். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நாற்பது பிள்ளைகளை நிறுத்தினால் நாலு பாடங்களுக்கு வேலை இருக்கிறது. துருசு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகு, ஏன் கட்டின் அடியில் இருக்கிறது, அடியில் அமுக்கம் ஏன் கூட, கட்டு ஏன் கீழே அகன்று மேலே ஒடுங்குகிறது என்பதெல்லாம் விஞ்ஞானம். நீர்மட்டம் காட்டும் அளவுகோலை ஒவ்வொரு தவணையும் வாசித்துக் கொப்பியில் குறித்து வரைபு கீறினால் அது கணிதம். மாரியில் வான் பாயும்போது மிஞ்சின தண்ணீர் எந்த வழியால் போய்க் கடலில் சேருகிறது என்பது புவியியல். காலபோகத்துக்குப் பிறகு மிச்சமிருக்கிற தண்ணீரை வைத்துச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர்கள் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறார்களே, அதைவிட நல்ல குடியியல் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு. கனகராயன் ஆறு வவுனியா வடக்கிலிருந்து மாங்குளம் பக்கமாக வந்து இரணைமடுக் குளத்தில் தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் சுண்டிக்குளக் களப்பில் விழுகிறது. ஒரே நாளில் பஸ்ஸில் அந்தத் தண்ணீரின் பின்னாலேயே போகலாம். சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமானது. 2015 இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்ந்தது. மாரிகாலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம் அது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடித்துத் தின்னும். அதன் இளஞ்சிவப்பு, தின்னும் பாசியிலிருந்தும் சிறு இறால் வகைகளிலிருந்தும் வருகிற நிறம். இதைப் படத்தில் காட்டிச் சொன்னால் பிள்ளை பரீட்சை வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கும். களப்பின் கரையில் நின்று பார்த்தால் அடுத்த கேள்வியைத் தானே கேட்கும்: "அப்ப இளசுகள் ஏன் ரீச்சர் சாம்பல் நிறமா இருக்கு?" மன்னார்ப் பிள்ளைகளுக்கு வங்காலை இருக்கிறது. 2010 இல் ராம்சார் ஈரநிலமாக உலக அளவில் அங்கீகரிக்கப்பட்ட இடம்.

நந்திக்கடல் என்றதும் எங்கள் எல்லோருக்கும் 2009 தான் முன்னுக்கு வரும். அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கத் தேவையில்லை. பல வீடுகளில் மறைக்கவும் முடியாது. ஆனால் அதே களப்பில் இறால் எப்படி வளர்கிறது, கடலோடு வாய் திறக்கும்போதும் மூடும்போதும் உப்பின் அளவு எப்படி மாறுகிறது, அதை நம்பி எத்தனை குடும்பங்கள் வலை வீசுகின்றன என்பதையும் அறிந்துகொள்ள எங்கள் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது. தன் மண்ணின் பெயரைச் சாவோடு மட்டும் சேர்த்துக் கேட்டு வளர்கிற தலைமுறையை நாங்கள் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலை, முதிரை, வீரை, கருங்காலி என்று ஊர்ப் பெரியவர்கள் பட்டையைத் தடவியே மரம் சொல்வார்கள். என் ஒன்பதாம் வகுப்பில் முதிரையை அடையாளம் காட்டக்கூடிய பிள்ளைகள் மிகக் குறைவு. முதிரை களவாக வெட்டப்பட்டு லொறியில் போகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். பால் உதட்டில் ஒட்டும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய புதினம். அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும் என்பதால் எந்த நேரம் போகலாம், எந்த நேரம் கூடாது என்ற அறிவும் கூடவே வரும். அந்த அறிவு இருப்பவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள்: தேன் எடுக்கிறவர்கள், குளத்து மீனவர்கள், வாய்க்கால் பார்க்கிறவர்கள், நாட்டு வைத்தியம் தெரிந்த அம்மம்மாமார். அவர்களை வளவாளர்களாக அழைத்து, மற்ற வளவாளர்களுக்குக் கொடுப்பதைப் போலவே அவர்களுக்கும் கொடுப்பனவு கொடுங்கள். சும்மா வந்து சொல்லிவிட்டுப் போகச் சொல்வது மரியாதையில்லை.

பயங்களை நான் தட்டிக்கழிக்கவில்லை. மிதிவெடிதான் முதல் பயம். இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க 2028 வரை காலம் இருக்கிறது. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே எந்த இடத்துக்குப் போவதென்றாலும் கண்ணிவெடி அகற்றும் பிரிவிடமிருந்து அது துப்புரவான இடமென்று எழுத்தில் வாங்க வேண்டும். சனம் தினமும் நடக்கிற குளக்கட்டு, வயல் வீதி, வாய்க்கால் கரை போதும். அடர்காட்டுக்குள் போகத் தேவையில்லை. யானைக்குப் பயந்து காலை எட்டரைக்கு முதல் வெளிக்கிடாமல், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வான் பாய்கிற நாட்களில் தண்ணீருக்குக் கிட்டப் போகவே கூடாது. எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில் சேற்றில் இறக்கக் கூடாது. இவற்றை ஒரு பக்கச் சுற்றறிக்கையாக நீங்களே எழுதித் தந்தால் அதிபர்மார் துணிவார்கள். இப்போது ஏதும் நடந்தால் பொறுப்பு முழுக்கத் தங்கள் கழுத்தில் விழுமென்று பயந்துதான் பலர் படலைக்கு வெளியே பிள்ளைகளை விடுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்விக் கோட்டத்துக்குள் போய்வரும் அரைநாள் பயணத்துக்கு அதிபரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்குங்கள். கோட்டத்துக்குப் பத்துத் தொலைநோக்கிகள் வாங்கிப் பாடசாலைகள் மாறி மாறிப் பாவிக்கட்டும். சரணாலயங்களில் தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய ஒருவர் பாடசாலை நாட்களில் நிற்க வனசீவராசிகள் திணைக்களத்தோடு பேசுங்கள். நடக்கச் சிரமப்படுகிற பிள்ளையும் வரக்கூடிய இடமாகவே தெரிவு இருக்க வேண்டும். குளக்கட்டு வீதி சக்கர நாற்காலிக்கும் பொருந்தும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். இதற்குப் புள்ளி போடாதீர்கள். புள்ளி வந்த அடுத்த மாதமே ரியூசனில் "குளக்கட்டு மாதிரி வினாத்தாள்" வந்துவிடும்.

ஆரம்பப் பிரிவில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடம் ஏற்கெனவே இருக்கிறது. பல பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிக் குழுக்களும் இருக்கின்றன. புதிதாக எதையும் கட்டியெழுப்பத் தேவையில்லை. முதல் நாளுக்கான பாடக்குறிப்புகளை, தரம் 3 இலிருந்து 9 வரைக்கும், என்னோடு சேர்ந்து வேலை செய்யும் ஆசிரியர்கள் எழுதித் தரத் தயாராக இருக்கிறோம். எந்த வலயம் முதலில் தொடங்கினாலும் அங்கே வந்து நிற்போம். அடுத்த தவணைக்கான நேரசூசியை நீங்கள் தயாரிக்கும்போது இந்த ஒரு நாளை அதில் எழுதிவிடுங்கள்.

பணிவுடன்,
முல்லைத்தீவு மாவட்ட ஆசிரியை ஒருவர்