தரையில் நின்றவர்களையும் கேளுங்கள்: விமானப்படைத் தலைமையகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமானப்படைத் தளபதி அவர்களுக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவினருக்கும் வணக்கம்.

1965, 1971 போர்களில் விமானங்களைப் பழுதுபார்த்துப் பறக்க அனுப்பிய தரைப்பணி வீரர்களின் நினைவுகளை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவரவர் தாய்மொழியில் பதிவுசெய்யுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். 1965இல் இருபது வயதில் ஸ்பேனர் பிடித்தவருக்கு இன்று எண்பது வயது. என் அப்பா அவர்களில் ஒருவர்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்திலிருந்து 1961இல் படையில் சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் ஆனார். சிறகு, வால், சக்கரம், ஹைட்ராலிக் குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. நாட் (Gnat) என்ற போர் விமானங்கள் இருந்த ஸ்குவாட்ரனில், அதாவது விமான அணியில் போட்டார்கள். பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை வீழ்த்திய சிறிய விமானம் என்று நாட் விமானத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. அந்தச் சிறிய உடலுக்குள் வேலை பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை ஃபிட்டர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு குழாயைத் தொட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருக்கும் மூன்றைக் கழற்ற வேண்டும் என்பார் அப்பா. முழங்கை உரியும். ஹைட்ராலிக் கோளாறும் கட்டுப்பாட்டுக் கருவிக் கோளாறும் ஓயாமல் வந்தன. பீரங்கிகள் நடுச்சண்டையில் அடைத்துக்கொண்டன. இந்தக் குறைகளைக் களையத்தான் பிறகு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) நிறுவனம் அஜீத் விமானத்தை உருவாக்கியது. அது முதலில் பறந்தது 1975இல். இரண்டு போர்களும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் நாட் விமானங்களைப் பறக்க வைத்தவை இந்த ஃபிட்டர்களின் கைகள்.

ஒவ்வொரு பறத்தலுக்கும் முன் எஃப்-700 படிவத்தில் அவரவர் வேலைக்கு அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏர்ஃப்ரேம், எஞ்சின், மின்சாரம், கருவிகள், ஆயுதம் என்று தனித்தனியாக. கடைசியில் விமானி கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், "இது பறக்கலாம், நான் பொறுப்பு" என்று எழுதிக்கொடுக்கிறான். அவனை நம்பி இன்னொருவர் வானில் ஏறுகிறார். விமானி திரும்பி வரும்வரை ஃபிட்டருக்குச் சோறு இறங்காது என்று அப்பா சொல்வார்.

1965 செப்டம்பர் 6 அன்று பதான்கோட் தளத்தைப் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்கின. தரையில் நின்ற விமானங்களில் ஏறத்தாழ பத்து எரிந்துபோயின. புதிதாக வந்திருந்த மிக்-21 விமானங்களில் இரண்டும் அவற்றில் அடக்கம். அப்பா அன்று அங்கே இருந்தார். பதுங்குகுழியில் முகம் புதைத்துக் கிடந்ததைச் சொல்லும்போது குரல் மாறாது. காலையில் தான் கையெழுத்துப் போட்ட விமானம் எரிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்லும்போதுதான் நிறுத்திவிடுவார். பிறகு, "ராத்திரியே மிச்சம் இருந்ததுக்கு செக் போட ஆரம்பிச்சோம்" என்பார்.

1971 நவம்பர் 22, கிழக்குப் பாகிஸ்தான் எல்லையோரத்துப் போய்ரா. கல்கத்தாவின் டம்டம் தளத்திலிருந்து எழுந்த நான்கு நாட் விமானங்கள் சேபர்களோடு மோதிய நாள். அந்த விமானிகளின் பெயர்களை நாடு அறியும், அறிய வேண்டியதுதான். அதே போரில் ஸ்ரீநகரில் உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் சேகோன்தான் இன்றுவரை விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். டிசம்பர் 14 அன்று, தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் ஓடுபாதையிலிருந்து எழுந்தார். அவருடைய நாட் விமானத்தைத் தயார்நிலையில் வைத்திருந்த கைகள் யாருடையவை? அவர்களில் யாராவது இன்று பஞ்சாபிலோ கேரளத்திலோ ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும். யாராவது போய்க் கேட்க வேண்டாமா?

அந்தப் போரின் இரண்டாவது வாரத்தில், கிராமத்தில் நான் பிறந்தேன். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் '99 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக முகவரி மட்டுமே. அது கல்கத்தாவா, அஸ்ஸாமா, அப்பா உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி கேட்பதற்காகப் பச்சைக் குழந்தையோடு வாசலில் நிற்பாராம். அப்பா என்னை முதன்முதலில் தூக்கியபோது எனக்குக் குப்புற விழத் தெரிந்திருந்தது. அம்மாவைப் போன்றவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். பதிவுசெய்ய வருகிறவர்கள் அவர்களிடமும் ஒலிவாங்கியை நீட்டட்டும்.

சார்ஜென்டாக ஓய்வுபெற்ற பிறகு, சென்னையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். இன்றைக்கும் வீட்டு மிக்சியைக் கழற்றினால், மூடுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவர்களை எண்ணுவார். ஒன்று குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும்வரை மூடமாட்டார். விமானத்துக்குள் மறந்து விட்ட ஒரு ஸ்பேனர் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் சிக்கினால் விமானி போய்விடுவார். பேரப்பிள்ளைகளுக்குக்கூட இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உங்கள் படையே இப்படிப்பட்டவர்களோடுதான் தொடங்கியது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் ட்ரிக் ரோட்டில் நான்கு வபிட்டி விமானங்கள், ஆறு அதிகாரிகள், ஹவாய் சிப்பாய்கள் என்று அழைக்கப்பட்ட 19 விமானப்படைச் சிப்பாய்கள். பொறியியல் படிப்பை முடித்துவிட்டும் சிப்பாயாகச் சேர்ந்த ஹர்ஜிந்தர் சிங், ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்து பராமரிப்புக் கட்டளையகத்துக்கே தலைமை தாங்கினார். உயர்ந்த பதவிக்கு வந்ததால் அவர் கதை நிலைத்தது. கார்ப்பரலாகவும் சார்ஜென்டாகவும் ஓய்வுபெற்ற ஆயிரக்கணக்கானவர்களின் கதை நிலைக்க வேண்டுமானால் நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும்.

இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. புதுதில்லி சுப்ரதோ பார்க்கில் இருக்கும் ஆவண அலுவலகத்தில் ஒவ்வொருவரின் பணிக்குறிப்பும் இருக்கிறது. ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தருகிறார்கள். உயிரோடு இருக்கிறீர்களா என்று வருடம் தவறாமல் கேட்கும் அரசு, ஒரே ஒரு முறை, "என்ன பார்த்தீர்கள்?" என்றும் கேட்கட்டும். தாம்பரத்திலிருந்தே தொடங்கலாம். மெக்கானிக்கல் பயிற்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஓய்வுபெற்ற பலர் சேலையூரிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியிருக்கிறார்கள். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளையே அனுப்புங்கள். ஒரு ஃபிட்டர் இன்னொரு ஃபிட்டரிடம் கேட்கும் கேள்வியை வேறு யாராலும் கேட்க முடியாது.

தமிழில் பேசவிடுங்கள் என்பதையும் வலியுறுத்திக் கேட்கிறேன். ஆங்கிலத்தில் கேட்டால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து அறிக்கை ஒப்பிப்பார், நாலு வரியில் முடிந்துவிடும். தமிழில் கேட்டால் எரிந்த விமானத்தைப் பற்றிப் பேசுவார். மலையாளிக்கு மலையாளமும் பஞ்சாபிக்குப் பஞ்சாபியும் அப்படித்தான் இருக்கும். எடுத்த பதிவுகளை, தில்லியின் பாலம் (Palam) பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்திலும் சண்டிகரில் உள்ள விமானப்படைப் பாரம்பரிய மையத்திலும் பொதுமக்கள் கேட்கும்படி வையுங்கள்.

எங்கள் வீட்டுக்கு எந்த நாள் வேண்டுமானாலும் வரலாம். காலை பத்து மணிக்கு மேல் அப்பா தெளிவாகப் பேசுவார். ஜெட் இரைச்சலில் வலது காது போய்விட்டது, அதனால் இடது பக்கம் நாற்காலி போட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஏர்ஃப்ரேம் ஃபிட்டரின் மகள்