இடது கைதான் முக்கியம்

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய பென்சில் படத்தைப் பார்த்தேன். உன் விண்வெளி வீராங்கனையின் முகம் அருமையாக வந்திருக்கிறது. கைதான் சரியில்லை. வலது முஷ்டியை உயர்த்திவிட்டு இடது கையைச் சும்மா தொங்கவிட்டிருக்கிறாய். நீ பார்த்து வரையும் மூலப் போஸ்டர் 'வி கேன் டூ இட்!'. அதன் உயிரே அந்த இடது கையில்தான் இருக்கிறது, கண்ணு. ஜே. ஹோவர்ட் மில்லர் அதை அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத் தொழிலாளர்களுக்காக வரைந்தார். 1943 பிப்ரவரி 15 முதல் 28 வரை ஆலைகளுக்குள் ஒட்டினார்கள். அதில் வேலையில் இறங்கப்போகிறவள் இடது கையால் வலது சட்டைக் கையை மேலே ஏற்றுகிறாள். அந்தச் செயல் போய்விட்டால் புஜத்தைக் காட்டும் படமாக மட்டுமே நிற்கும். உன் வீராங்கனைக்குச் சட்டைக் கை இல்லை. அதனால் வலது கையுறையை முழங்கைப் பக்கம் இழுத்து இறுக்கட்டும். இழுக்கும் விரல்களை நோக்கி மடிப்புகள் குவிய வேண்டும்.

மடியில் வைத்திருக்கும் ரிவெட் கருவியை, அதாவது உலோகத் தகடுகளை ஆணியடித்து இணைக்கும் கருவியை, எடுத்துவிடு. அது அதே ஆண்டு மே 29 தேதியிட்ட 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழின் அட்டையில் ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த, ரிவெட் அடிக்கும் தொழிலாளி ரோஸியுடையது. காலரில் உள்ள பேட்ஜ் மட்டும் இருக்கட்டும். மூலப் போஸ்டரில் இருப்பவள் ஆலைத் தொழிலாளி என்று சொல்வது அதுதான்.

மூலத்தின் அளவு 17-க்கு 22 அங்குலம். ஏ2 தாளின் விகிதம் வேறு. 16 அங்குல அகலம் எடுத்தால் உயரம் 20.7 வரும், மிச்சத்தை ஓரமாக விடு.

போஸ்டர் கலரை இளகிய தயிர் பதத்தில் கரை. பின்னணி மஞ்சளை உருவத்தின் கோடு வரைக்கும் மட்டும் பூசு. முதல் பூச்சு கிடைமட்டமாக, நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது செங்குத்தாக. அப்போதுதான் தூரிகைத் தடம் தெரியாது. தலைத்துணிப் பொட்டுகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். காய்ந்த போஸ்டர் கலர் ஈரம் பட்டால் மறுபடி கரையும். சிவப்பின்மேல் வெள்ளை வைத்தால் இளஞ்சிவப்பாகிவிடும். பொட்டுகளுக்கு இடம் விட்டே சிவப்பைப் பூசு, முடியாவிட்டால் வெள்ளை அக்ரிலிக் வை. எல்லாப் பொட்டும் முழு வட்டமாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போலிருக்கும். தலை வளையும் ஓரத்தில் நீள்வட்டமாகட்டும், மடிப்பில் பாதியாக வெட்டுப்படட்டும்.

'நம்மால் முடியும்!' என்று தமிழில் எழுதுவதாகச் சொன்னாய், மிக நல்லது. ஆனால் மூலத்தில் வாசகம் இருக்கும் நீலக் கட்டத்தை அப்படியே எடுக்காதே. மு, யு இரண்டும் கீழே இறங்கும், டி மேலே ஏறும். கட்டத்தின் உயரத்தைக் கூட்டு. தடித்த எழுத்தில் டி-யின் சுழி அடைத்துக்கொள்ளும், அங்கே மட்டும் கோட்டை மெலிதாக்கு.

கறுப்புக் கோடுகள் கடைசியில். அதற்கு முன்னால் கையைத் திருத்திய பென்சில் படத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா