பேர் தெரியாத குட்டியானை அண்ணனுக்கு

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். சென்னையை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் சிலம்பக் கூடத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். அந்த மாதக் கடைசியில் மலேசியா, சிங்கப்பூர், யாழ்ப்பாணத்திலிருந்து ஆசான்கள் வருவதாக ஏற்பாடு. சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள் என்ற செய்தி பார்த்து, "டிக்கெட்டை கேன்சல் பண்ணவா?" என்று அவர்கள் கேட்ட மெசேஜ் இரண்டு நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் குட்டியானை லோடு வண்டியோடு வந்து நின்றவர் நீங்கள். பால் பாக்கெட் இறக்க வந்தவர், சேற்றில் கிடந்த கம்புகளைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினீர்கள். நான் அவற்றை மொட்டைமாடி வெயிலில் பரப்பப் போனேன். "தம்பி, வெயில்ல போட்டா வெடிச்சிரும். நெழல்ல, காத்துல ஒணத்தணும்" என்று தடுத்தீர்கள். மூங்கில் மண்டியில் பத்து வருஷம் இருந்தவராமே! பத்துப் பத்தாகச் சேர்த்து, வளையாமல் இருக்க மூன்று இடத்தில் சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினீர்கள். சிக்னல் கிடைக்கும் இடம்வரை என்னை வண்டியில் ஏற்றிப் போனதும் நீங்கள்தான். அங்கே நின்றுதான் "வாங்க, தேதியில மாற்றமில்ல" என்று எல்லோருக்கும் அனுப்பினேன்.

டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. பேர் கேட்காமல் விட்டது என் தப்பு, அண்ணே. யாழ்ப்பாண ஆசான் சுற்றியது நீங்கள் கட்டிய கட்டிலிருந்து உருவிய கம்பு. இன்னும் நேராகத்தான் இருக்கிறது.