செயின் கிட் பெட்டிக்குள் தமிழில் ஒரு குறிப்புத்தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் 30 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். இருசக்கர வாகனங்களுக்கான செயின், அது ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் ஆகிய உதிரிபாகங்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளை வைக்க இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் என் 100 சிசி வண்டிக்குச் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் மாற்றினார்கள். பத்து நாள் கழித்துப் பள்ளிகொண்டா அருகே நெடுஞ்சாலையில் பின் பிரேக்கை மிதித்தபோது, சக்கரத்துப் பக்கமிருந்து இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். பிரேக் ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டைச் சுழலவிடாமல், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு பிணைத்து நிறுத்தும் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டையின் நட் விழுந்துவிட்டிருந்தது. போல்ட்டும் பாதி வெளியே வந்திருந்தது. நட் கழலாமல் இருக்க அதன் குறுக்கே மாட்டும் ஸ்பிளிட் பின்னை மாட்டாமலேயே விட்டிருக்கிறார்கள். அந்தப் போல்ட் முழுவதும் உருவிக்கொண்டிருந்தால், பிரேக் மிதித்த நொடியில் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, பிரேக் ராடை இழுத்து முறித்திருக்கும் அல்லது சக்கரத்தையே இறுக்கிப் பிடித்திருக்கும். பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த சாலை அது. விலை இரண்டு ரூபாய்கூடப் பெறாத ஒரு பின் அது.

இனி இந்த வேலையை நானே செய்வது என்று முடிவு செய்து, சென்ற மாதம் புதிய செயின் கிட் ஒன்றை வாங்கி, தம்பி மகனை உடன் வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையோரம் டபுள் ஸ்டாண்டு போட்டு வண்டியை நிறுத்தினேன். பெட்டிக்குள் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயினின் இரு முனைகளை இணைக்கும் செயின் லாக் எல்லாம் இருந்தன. கூடவே இருந்த சிறிய தாளில் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தன. தமிழில் ஒரு வரி கூட இல்லை. வேலை தெரிந்த எனக்கே அன்று இரண்டு இடங்களில் தடுமாற்றம் வந்தது என்பதால்தான் இதை ஒரு குறையாகவே எழுதுகிறேன்.

முதல் தடுமாற்றம் வரிசையில் வந்தது. இன்ஜின் பக்கமுள்ள முன் ஸ்ப்ராக்கெட்டின் இரண்டு சிறு போல்ட்டுகளைத் தளர்த்த, வண்டியைக் கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். சக்கரத்தை முதலில் கழற்றிவிட்டால் பிடிமானமே இல்லாமல் போய்விடும். நான் அவசரத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பிறகு மீண்டும் மாட்ட வேண்டியதாயிற்று. இரண்டாவது தடுமாற்றம் இதைவிடப் பெரியது. என் வண்டியில் சக்கரத்தின் நடுவே செல்லும் தண்டான ஆக்சிலை உருவினால் சக்கரம் மட்டும்தான் கையோடு வரும். பின் ஸ்ப்ராக்கெட் ஸ்லீவ் நட்டின் பிடியில் ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும். புதிய ஸ்ப்ராக்கெட்டைப் பூட்டி, அதைத் தாங்கும் தட்டின் பின்புறப் பற்களைச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலுள்ள ரப்பர்களின் இடைவெளியில் சரியாக அமர்த்தி, ஆக்சிலைச் செருகி நட்டை இறுக்கினேன். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால், அரைச் சுற்றுகூட முடியாமல் முனகிக்கொண்டு நின்றது. எங்கே பிழை என்று இருவரும் விழித்துக்கொண்டிருந்தபோது, கிரீஸ் துடைத்த துணியை உதறிய தம்பி மகன், "பெரியப்பா, இது எதுக்கு?" என்று கட்டைவிரல் அகலமுள்ள ஒரு இரும்பு வளையத்தைக் காட்டினான். பிரேக் தட்டுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையே ஆக்சிலில் கோக்க வேண்டிய காலர் அது! எல்லாவற்றையும் மறுபடியும் கழற்றி, காலரை வைத்து இறுக்கியபின் சக்கரம் சத்தமின்றிச் சுழன்றது.

அதன் பிறகு செய்தவை நிதானமாக நடந்தன. செயினின் இறுக்கத்தைச் சரிசெய்யும் இருபுறத்து அட்ஜஸ்டர்களின் கோடுகளையும் ஒரே அளவில் நிறுத்தினேன். செயினின் கீழ்ப்பகுதி நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைய வேண்டும் என்று என் வண்டியின் கையேடு சொல்கிறது. சக்கரத்தை மெல்லச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அந்த அளவு வருமாறு வைத்தேன். செயின் லாக்கின் மூடிய வளைந்த முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். இது தலைகீழாக மாட்டப்பட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக்சில் நட்டை முடிவாக இறுக்கும்போது பிரேக்கை மிதித்தபடி இறுக்கினால், பிரேக் ஷூ டிரம்முக்கு நடுவில் சரியாக அமரும். கடைசியாக டார்க் ஆர்ம் நட்டில் புதிய ஸ்பிளிட் பின்னைச் செருகி, இரு கால்களையும் விரித்து மடக்கினேன். பழையதை நிமிர்த்தி மறுபடியும் போடக் கூடாது, அது உடைந்துவிடும்.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அணைக்கட்டு பக்கங்களிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வண்டியோட்டி வரும் எத்தனையோ பேர், காசை மிச்சம் பிடிக்கவும் பட்டறையில் ஒரு நாள் கூலியை இழக்காமல் இருக்கவும் இந்த வேலையைத் தாங்களே செய்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலமோ இந்தியோ வாசிக்க வராது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள், விலை, அளவு போன்ற விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும் என்கின்றன. அவற்றோடு வேறு மொழியையும் சேர்த்து அச்சிட அதே விதிகள் தடை சொல்லவில்லை. ஆகவே தமிழில் குறிப்பு அச்சிடுவதற்கு இடையூறு எதுவும் இல்லை, மனம்தான் வேண்டும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது ஒரு தாள்தான். கழற்றும் வரிசை, காலர் நிற்கும் இடத்தின் படம், செயின் தளர்வு அளவு, ஆக்சில் நட் இறுக்கும் அளவு, லாக் மாட்டும் திசை, இவற்றோடு டார்க் ஆர்ம் நட்டுக்கு ஸ்பிளிட் பின் கட்டாயம் என்ற எச்சரிக்கையும் தடித்த எழுத்தில் தமிழில் இருக்க வேண்டும். கூடவே ஒரு புதிய ஸ்பிளிட் பின்னையும் பெட்டிக்குள் போட்டுத் தர வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
சத்துவாச்சாரி, வேலூர்.