நிலவியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். இவ்வாண்டின் முதன்மைப் பணி கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்திலுள்ள சீமா எரிமலைப் புலத்தைச் சார்ந்தது என்பதால், இவ்வறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

பேக்கர் என்னும் சிற்றூருக்குத் தென்கிழக்கே, மனித நடமாட்டம் அரிதான அப்பரப்பில், சுமார் 40 எரிமலைக் கூம்புகளும் 60க்கும் மேற்பட்ட பசால்ட் (கருநிற எரிமலைப் பாறை) லாவா ஓட்டங்களும் உள்ளன. மிகப் பழையவை 70 லட்சம் ஆண்டுகளைக் கடந்தவை. மிக இளையது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கணிக்கப்படுகிறது. வெவ்வேறு வயதுடைய ஓட்டங்கள் அருகருகே கிடப்பதே இப்புலத்தின் பெருஞ்சிறப்பு என்பது என் கருத்து. இளைய ஓட்டத்தில் கரடுமுரடான கரும்பாறைகள் காலை வைக்க இடம் தருவதில்லை. பழைய ஓட்டத்திலோ மேடுபள்ளங்கள் தூர்ந்து, நெருக்கமாகப் பதிந்த சிறு கற்கள் தளமாக விரிந்திருக்கின்றன.

அக்கற்களின் அடியில் இருப்பது பாறையன்று. நுண்துளைகள் நிறைந்த, கற்களே அநேகமாக இல்லாத வெளிறிய மண். காற்று மண்ணை அரித்துச் சென்றதால் கற்கள் எஞ்சின என்பது நெடுநாளைய விளக்கம். சீமாவில் நடந்த ஆய்வுகள் அதற்கு நேர்மாறானதைக் காட்டின: சோடா ஏரி முதலிய வறண்ட ஏரிப்படுகைகளிலிருந்து காற்று கொணரும் புழுதி, கற்களின் இடுக்குகள் வழியே இறங்கி அடியில் சேர்ந்து, அவற்றைச் சிறிது சிறிதாக மேலே உயர்த்துகிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் மேற்பரப்பில் கிடக்கும் பாறையில் நாளடைவில் சேரும் ஹீலியம்-3 என்னும் வாயுவின் அளவைக் கொண்டு 1995இல் வெளியான ஆய்வு, தளக் கற்களும் அருகிலுள்ள லாவாப் பாறையும் ஏறத்தாழ ஒரே கால அளவு வெயிலில் கிடந்தவை என நிறுவியது. அதாவது, அக்கற்கள் ஒருபோதும் புதைந்ததில்லை.

ஆகவேதான் அங்குள்ள வாகனத் தடங்கள் உறுப்பினர்களை வருத்தின. சக்கரம் ஒருமுறை ஏறினாலே கற்கள் புரண்டு, அடிமண் நொறுங்கி, காற்றோடு போய்விடுகிறது. 1994 முதல் மொஹாவி தேசியக் காப்புப் பகுதியாக உள்ள அந்நிலத்தில் கல் எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

எனவே, இனி நம் களப்பயணங்கள் ஏற்கெனவே உள்ள பாதைகளிலேயே நடைபெற வேண்டும், எந்தக் கல்லையும் புரட்டவோ எடுக்கவோ கூடாது என்னும் செயற்குழுத் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்