கீழ் அறைக்கு இப்போதே பலகை அடிக்க வேண்டாம்

ஜெலுத்தோங், பினாங்கு
செப்டம்பர்

அன்புள்ள மாலதிக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தோம். வீடு நல்ல வீடு. கோலாலம்பூரை ஒட்டிய உலு கிளாங் பக்கம் மேடும் மரமுமாக அப்படி ஓர் இடம் அமைந்ததில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். நான் மட்டும் கீழ் அறைப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுப் பக்கம் மண்ணோடு ஒட்டி நிற்கிறதே, அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. சுண்ணாம்பு என்று நினைத்துவிடாதே, அது உப்பு. மண்ணில் தேங்கிய தண்ணீர் சுவருக்குள் ஊறி வந்து, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. முன்னால் இருந்தவர்கள் அதன் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்தப் பெயின்டும் இப்போது செதில் செதிலாக உரிந்து நிற்கிறது.

அந்த அறைக்கு லேமினேட் தரையும் சுவரோடு சேர்த்த அலமாரியும் தீபாவளிக்குள் போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். அதை மட்டும் தள்ளிப் போடுங்கள் அம்மா. நம் மேற்குக் கரையில் பெருமழை கொட்டுவது பருவக்காற்று மாறுகிற மாதங்களில்தான்: ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர். நீங்கள் வீடு பார்த்தது ஜூலையில். அந்த மாதத்தில் எந்த வீட்டுக் கீழ் அறையும் நன்றாகத்தான் இருக்கும். மேலே உள்ள வேலைகளை முடித்து, பால் காய்ச்சி, தீபாவளியைச் சந்தோஷமாகக் கொண்டாடுங்கள். கீழ் அறை டிசம்பர் வரை காலியாகவே கிடக்கட்டும்.

மழைக்குக் காத்திராமல் இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஓர் அடி அகலத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாளை அந்தச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடு. தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டாவது வகை என்றால் கவலை இல்லை, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகிவிடும்.

காண்ட்ராக்டர் உள்பக்கம் தண்ணீர் புகாத பெயின்ட் அடித்தால் போதும் என்றாராம். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் விழும். பின்னாலிருந்து அப்படித் தள்ளும்போது உள்ளே பூசிய பெயின்ட் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டு நிற்கும்? தண்ணீரைச் சுவர் வரைக்கும் வரவிடாமல் செய்வதுதான் முதல் வேலை. அந்த வேலை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. செலவும் குறைவு.

கூரையிலிருந்து ஆரம்பி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள். கோலாலம்பூரின் சாயங்கால இடிமழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் சாதாரணமாகக் கொட்டும். அதாவது 5,000 லிட்டர். அவ்வளவும் இரண்டு மூன்று குழாய் வழியாக இறங்கியாக வேண்டும். படத்தில் பின்பக்கக் குழாய் சுவரை ஒட்டியே, மண்ணைப் பார்த்து முடிகிறது. அந்த வெள்ளைக் கோட்டுக்கு நேர் வெளியே! அதை நீட்டிக் கால்வாயில் விடச் சொல். கூரை ஓரத்துத் தகரத்தில் இலை அடைத்திருந்தால் தண்ணீர் குழாய்க்கே வராமல் சுவரோடு வழியும். மரம் நிறைந்த இடம், அதை அடிக்கடி வாரிவிட வேண்டியிருக்கும்.

அப்புறம் வீட்டைச் சுற்றிப் போட்டிருக்கிற சிமெண்டுத் தரை. மண் அமுங்க அமுங்க அது சுவரை விட்டு விலகிவிடும். அந்த விரல் நுழைகிற இடைவெளி போதும், பெய்கிற மழை எல்லாம் அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடும். அதை அடைத்துவிடு. தரையும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், பத்து அடிக்கு ஆறு அங்குலம் இறக்கம் கணக்கு. வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால் உடைத்துப் போடத்தான் வேண்டும்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படி. பின்னால் மேட்டு மண் சரியாமல் பிடித்து நிற்கிற தாங்கு சுவரில் வரிசையாகச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எறும்பு வருகிறது என்று யார் சொன்னாலும் அதை அடைக்க விடாதே. மேட்டு மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. பலத்த மழையில் ஒரு சொட்டுக்கூட வராத குழாய் அடைத்துக் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம். உங்கள் உலு கிளாங்கில்தான் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். சரிவில் வடிகால் சரியில்லாமல் தண்ணீர் ஊறியதும் தாங்கு சுவர்கள் சரிந்ததும் அதற்குக் காரணம். பயமுறுத்த எழுதவில்லை. அந்தப் பின்சுவரில் விரிசலோ வயிறு தள்ளினாற்போல ஒரு புடைப்போ தெரிந்தால் காண்ட்ராக்டரிடம் கேட்காதே, பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டு.

தண்ணீர் சுவர் வழியாக மட்டும் வரும் என்றில்லை. கீழ்க் குளியலறைத் தரையில் உள்ள வடிகால் துளை, தெருவில் உள்ள கழிவுநீர்த் தொட்டியின் மூடியை விடத் தாழ்வாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிப் பாதை என்றாலும், பெருமழையில் மழைநீர் கழிவுக் குழாய்க்குள்ளும் புகுந்துவிடும். குழாய் நிரம்பினால் தாழ்வான துளை வழியாகத்தான் திரும்பி மேலே வரும். அதற்கு ஒருவழி வால்வு வைக்கலாம், தெருத் தண்ணீர் திரும்பி வந்தால் தானாக மூடிக்கொள்ளும். அது மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் யாரும் குளிக்கக் கூடாது, துணி இயந்திரம் ஓடக் கூடாது. வெளியே போக வழியில்லாமல் உங்கள் தண்ணீரே கீழ் அறையை நிரப்பிவிடும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வை.

இவ்வளவு செய்தும் நவம்பரில் தரை கசிந்தால் மூலையில் ஒரு குழி தோண்டி பம்பு வைப்போம், தண்ணீர் ஏறினால் தானாக ஓடுகிற வகை. பேட்டரியோடு வாங்க வேண்டும், ஏனென்றால் இடிமழையில்தான் கரண்டும் போகும். மாதம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

மெயின் சுவிட்ச் பெட்டி கீழே இருக்கிறதா? இருந்தால் முதல் செலவு அதை மேலே மாற்றுவதுதான். 2017 நவம்பர் 4 இரவு நம் வீட்டில் தண்ணீர் ஏறியபோது, பாயை எடு, டிவியைத் தூக்கு என்று எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, அம்மா நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். வாசற்படி அப்போது இன்னும் நனையவில்லை. நீயும் அப்படியே செய். தண்ணீர் ஏறிய பிறகு சுவிட்சைத் தேடித் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

வங்கிக் கடனோடு எடுத்த தீக் காப்புறுதியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். அடிப்படைத் தீக் காப்புறுதியில் அது தானாக வராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

அக்டோபர் நடுவில் நானும் அம்மாவும் பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறி வருகிறோம். மழை பெய்யும்போதே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் நல்ல ஏணி இருந்தால் கேட்டு வை. பலகைக்குக் கொடுத்த முன்பணத்தை மேல்மாடி அலமாரிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று இந்த வாரமே கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா