கானாடுகாத்தான் கல்யாணத்திற்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் அலுவலக நண்பரின் கல்யாணம் தை மாதக் கடைசியில் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில், பெண் வீட்டாரின் பூர்வீக வீட்டிலேயே நடக்கிறது என்றும், அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு போவதாக இருப்பதால் பயணத்துக்கும் தங்குவதற்கும் என்ன ஏற்பாடு செய்வது என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். வேறு சிலரும் இதையே கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

பத்திரிகை வைக்க வந்தவர்கள், "வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், இடத்துக்கு என்ன குறை" என்று சொல்லியிருப்பார்கள். மனதாரச் சொன்னதுதான்; ஆனாலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு பெட்டியுடன் அங்கே போய் இறங்கிவிடாதீர்கள். முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும் அந்த வீடுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு. படுத்து எழுந்து குளிப்பதற்குத்தான் இடம் போதாது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குள் பிரிக்கப்பட்டவை. கல்யாண நாட்களில் அவை சீர் சாமான்களாலும் நெருங்கிய உறவினர்களாலும் நிரம்பிவிடும். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிற வீடுகளாதலால் கழிவறைகள் சிலவே இருக்கும், அவையும் பெரும்பாலும் பின்கட்டில் இருக்கும். முழங்கால் வலியுள்ள உங்கள் அம்மா விடியற்காலை இருட்டில் நிலைப்படி ஒவ்வொன்றாகத் தாண்டி அவ்வளவு தூரம் நடந்து, அங்கே வரிசையில் நிற்பதை நீங்களே விரும்பமாட்டீர்கள். நீங்கள் வெளியே அறை எடுத்துவிட்டதாகச் சொன்னால் நண்பர் முதலில் குறைப்பட்டுக்கொள்வார், பிறகு நிம்மதியடைவார்.

வெளியே என்றால் எங்கே என்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பழைய வீடுகளை விடுதிகளாக மாற்றியவை ஒருவகை: கானாடுகாத்தானிலேயே விசாலம், செட்டிநாடு மேன்ஷன், பக்கத்தில் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், காரைக்குடியில் 'பங்களா' என்ற பெயருள்ள விடுதி. இவற்றில் அறைகள் குறைவு, வாடகை அதிகம், மேலும் தை மாதம் வெளிநாட்டுப் பயணிகள் வரும் பருவத்தோடு சேர்ந்து வருவதால் கடைசி நேரத்தில் கிடைப்பது அரிது. என் கருத்தைக் கேட்டால், கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு இது வீண் செலவு; நாள் முழுவதும் அப்படிப்பட்ட ஒரு வீட்டிலேயேதான் இருக்கப்போகிறீர்கள், இரவில் கண் மூடுவதற்கு இன்னொன்று எதற்கு? ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காரைக்குடியில், லிஃப்ட் உள்ள அல்லது தரைத்தளத்தில் அறை தருகிற சாதாரண விடுதியே உங்களுக்குப் போதும். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். முகூர்த்தம் காலையில் என்றால் நீங்கள் ஐந்து மணிக்காவது குளித்தாக வேண்டும்.

ஆகவே முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுவதுதான் சரி. சென்னையிலிருந்து காரைக்குடி வரை செல்லும் பல்லவன் விரைவு ரயில் பிற்பகலில் புறப்பட்டு விருத்தாசலம், திருச்சி, புதுக்கோட்டை வழியாக இரவில் போய்ச் சேரும்; அம்மாவுக்கு உட்கார்ந்து வர முடியுமானால் இதுவே வசதி. இராமேசுவரம் செல்லும் இரவு ரயில்களில் படுத்து வரலாம், ஆனால் அவை நள்ளிரவிலோ விடிவதற்கு முன்போ காரைக்குடியில் இறக்கிவிடும் என்பதால் தூக்கம் அரைகுறையாகத்தான் இருக்கும். எதில் வந்தாலும் நிலையத்துக்கு வண்டி வரச்சொல்லி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் செல்பேசிச் செயலியை நம்பி வெளியே வந்து நிற்கக் கூடாது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. தை மாத முகூர்த்த நாட்களுக்குத் தொடக்கத்திலேயே பதிவு செய்வது நல்லது. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால், உங்கள் ரயில் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் பயணச்சீட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வரும் உங்கள் தங்கையைச் சென்னைக்கு வரவழைக்காதீர்கள். திருச்சிக்கே நேரடி விமானம் உண்டு; அங்கிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் மட்டும் தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களாக இருந்தால் இரவில் நிதானமாக ஓட்ட வேண்டும். குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரமாகவே நடப்பார்கள்.

ஊருக்குள் நுழைந்த பிறகு செல்பேசி வரைபடத்தை முழுக்க நம்ப வேண்டாம். வீடுகளுக்கு இரண்டு தெருக்களில் வாசல் இருப்பதால் அது உங்களைப் பின்பக்கம், சமையல் நடக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். முகப்பு எந்தத் தெருவில், கார் எங்கே நிறுத்தலாம் என்று நண்பரிடம் முன்பே கேட்டு வையுங்கள். பத்திரிகையையும் கவனமாகப் படியுங்கள். முகூர்த்தம் பெண் வீட்டில், பெண்ணழைப்பு மாப்பிள்ளை வீட்டில் என்று இரண்டு ஊர்கள் இருக்கலாம். அவற்றுக்கிடையே போய்வர அன்றைக்கு முழுநாள் வாடகைக்கு ஒரு காரைப் பேசிக்கொள்வதே நல்லது. கோயிலிலிருந்து மாப்பிள்ளையை அழைத்து வருவது, திருப்பூட்டுவது (தாலி கட்டுவது), இசைகுடிமானம் என்கிற திருமணப் பதிவை எழுதுவது என்று சடங்குகள் வரிசையாக இருக்கும். நடுவில் அம்மாவை அறைக்குக் கூட்டிப்போய் ஓய்வெடுக்க வைக்கவும் வண்டி கையில் இருக்க வேண்டும்.

திரும்பும்போது பல்லவன் உதவாது. அது விடியற்காலையிலேயே காரைக்குடியை விட்டுப் புறப்பட்டுவிடுவதால், அதில் வருவதானால் மறுநாள் வரை தங்க வேண்டும். அன்றிரவே கிளம்புவதானால் இராமேசுவரத்திலிருந்து சென்னை வரும் ரயில்களில் காரைக்குடியில் ஏறுவதாகப் பதிவு செய்யுங்கள். பகல் பந்தியில் டிரைவரையும் உட்கார வைத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் அதை யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள், கடைகள் குறைந்த அந்த ஊரில் அவர் சாப்பாட்டுக்கு வேறெங்கும் அலைய வேண்டியதும் இருக்காது.

அன்புடன்,
அண்ணன்